பழைய நோய் இருந்தால் நஷ்டஈடு கிடையாதா?

தாராவியில் தோல் பட்டறைத் தொழிலாளி, மாட்டுங்காவில் கணக்கு எழுதும் குமாஸ்தா, செம்பூரில் இரவுக் காவலாளி. நம்மவர்களில் பலருக்கும் உள்ள பயம் ஒன்றுதான். "எனக்கு ஏற்கனவே நெஞ்சு நோய். நாளை ஏதாவது ஆகிவிட்டால், 'ஊரிலிருந்து கொண்டு வந்த வியாதி' என்று முதலாளி கையை விரித்து விடுவாரே!"

இந்தப் பயத்துக்கு இதே நகரத்து ஐகோர்ட்டு 1953-ம் ஆண்டிலேயே பதில் சொல்லி இருக்கிறது.

துறைமுகக் காவலாளி

பம்பாய் துறைமுகக் கழகத்தில் காவலாளியாக இருந்த இதய நோயாளி ஒருவர் இறந்து போனார். அவருடைய மனைவி நஷ்டஈடு கேட்டார். வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா வகுத்த விதி இது:

நோய் தானாகவே முற்றி உயிரைப் பறித்தால் முதலாளி பொறுப்பல்ல. நோயோடு வேலையின் சிரமமும் சேர்ந்து சாவை விரைவுபடுத்தி இருந்தால், முதலாளி பொறுப்பு ஏற்க வேண்டும்.

ஆதாரம் தேவை

வேலை நேரத்தில் மாரடைப்பு வந்தது என்பது மட்டும் போதாது. வண்டி கிளீனர் ஒருவர் இறந்த வழக்கில், வேலைப் பளுவுக்கு ஆதாரம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2006-ல் கோரிக்கையை ஏற்கவில்லை.

ஆகவே, அன்று எத்தனை மணி நேரம் வேலை, என்ன சுமை தூக்கினார், உடன் இருந்தவர்கள் யார் என்பதை உடனே எழுதி வைக்க வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகளைக் கிழித்து எறியக் கூடாது. நோய் முன்பு எந்த அளவில் இருந்தது, வேலையால் எவ்வளவு முற்றியது என்று டாக்டர் சொல்வதற்கு அவையே உதவும்.

குமாஸ்தாவுக்கும் உண்டு

1923-ம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம் எழுத்து வேலை செய்வோரைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்திருந்தது. 2009-ல் வந்த திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துள்ளது. காயம் வேலையால், வேலையின்போது ஏற்பட்டதா என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் முதலாளியிடம் அல்ல, இ.எஸ்.ஐ.யிடமே கேட்க வேண்டும். அதில் சேர மருத்துவப் பரிசோதனை கிடையாது. காசநோய் போன்ற நீண்டகால நோய் வந்தால், 2 ஆண்டு தொடர்ந்து வேலை செய்து 156 நாள் சந்தா கட்டியவருக்கு, சம்பளத்தில் 80 சதவீதம் 2 ஆண்டு வரை கிடைக்கும்.

உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? இன்றே சம்பளச் சீட்டைப் பாருங்கள். மருந்துச் சீட்டையும் அதோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.