குயில் என்னும் பெயர்

பறவைப் பெயர்களுட் பல, அவ்வப் பறவையின் குரலிலிருந்தே பிறந்தவை. கா கா எனக் கரைவது காக்கையாயிற்று. குயிலும் அவ்வினத்ததே. 'கூ' எனத் தாழத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து செல்லும் அதன் ஓசையைக் கேட்டவர் இட்ட பெயர் அது. ஆதலின், நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் இரண்டனுள் இதனைக் காரணப்பெயர் எனக் கொள்வதே பொருத்தம்.

இவ்வாராய்ச்சி வலப்பனையில் வெறும் இலக்கணப் பொழுதுபோக்கன்று. சித்திரைப் புத்தாண்டு நெருங்குங்கால் இப்பறவை கூவுவதைச் சிங்கள மக்கள் நன்னிமித்தமாகக் கொள்வர்; அதனைக் 'கொஹா' என்பர். தோட்ட லயங்களில் வாழும் நம் மக்களுக்கும் அதுவே புத்தாண்டு. என் வகுப்பில் ஒரு மாணவன், "ஐயா, கொஹா என்பதுதான் திரிந்து குயில் ஆயிற்றா?" என்றான். மற்றொருவன் பொறாது, "நம் சொல்லைத்தான் அவர்கள் கொண்டார்கள்" என்றான். தன் சொல்லைப் பிறர் சொல்லின் சிதைவென எண்ணுவது தாழ்வு. பிறர் சொல்லெல்லாம் தன்னுடையதென எண்ணுவது செருக்கு. இரண்டினின்றும் பிள்ளைகளைக் காத்தல் தமிழாசிரியர் கடன் அன்றோ?

மலையாளத்தார் குயில் என்றும், தெலுங்கர் கோயில என்றும், கன்னடர் கோகிலெ என்றும் வழங்குவர். வடமொழியில் அது கோகிலம், இந்தியில் கோயல். இதன் உறவுப் பறவை ஒன்றை ஆங்கிலேயர் குக்கூ என்பர். மொழிக்கு மொழி கடனும் நிகழ்ந்திருக்கலாம். ஆயின் பறவை தானே தன் பெயரைக் கூவிக்கொண்டிருக்க, ஓசை ஒப்புமை ஒன்றே கொண்டு இன்னார் இன்னாரிடம் பெற்றார் எனத் துணிதல் முறையாகாது.

பெற்ற ஓசையைக் கொண்டு ஒரு மொழி யாது செய்தது என்பதே உசாவத்தக்கது. தமிழ் அதனைப் பறவையளவில் நிறுத்தவில்லை. குயிலுதல் என்னும் வினைக்குக் கூவுதல், சொல்லுதல், இசைத்தல் என்னும் பொருள்கள் உள. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, இசைக்கருவி வாசிப்போரைக் குயிலுவ மாக்கள் என்கின்றது. பறவைக்கு வழங்கும் சொல்லே யாழுக்கும் முழவுக்கும் உரியதாயிற்று! வடமொழியாரோ அதன் குரலோடு வாழ்வையும் நோக்கினர். காக்கைக் கூட்டில் முட்டையிட்டுப் பிறரால் வளர்க்கப்படுதலின் பரபிருதம் என்றனர்; அதுவும் காரணப்பெயரே.

சிங்களப் புலவரும் இதனைப் போற்றினர். 15ஆம் நூற்றாண்டில் எழுந்த கோகில சந்தேசம், தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து, யாழ்ப்பாணத்தை வென்ற செண்பகப் பெருமாளிடம் குயிலைத் தூது விடுகின்றது. போர் பிரித்த இரு நிலங்களுக்கும் இடையே செல்ல அப்புலவர் தெரிந்தெடுத்தது இரு மொழியாரும் அறிந்த குரலை.

மாணாக்கர் இருவர்க்கும் யான் கூறிய விடை இதுவே: "தம்பிகளே, கடன் கொடுத்தவர் நாமும் அல்லர், அவரும் அல்லர். குயில் கொடுத்தது, இரு சாராரும் கேட்டோம். அவரவர் நாவுக்கு இசைந்தவாறு சொன்னோம்."