ஆக்கியோன் பெயரும் ஆக்கிய வழியும்

பாடசாலை மலருக்கு ஒரு மாணவி தந்த சிறுகதை, பாய் பின்னும் பாட்டி ஒருத்தியைப் பற்றியது. ஒரு பிழை கூட இல்லை. ஆசிரியர் அறையில் ஒருவர், "எங்கட ஊர்ப் பிள்ள 'பாட்டி' எண்டு எழுதுமா? இது மெஷின் எழுதின கத" என்றார். பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கத என்ட உம்மம்மாட கததான் சேர். பிழை பாக்க மட்டுந்தான் அதுக்கிட்ட குடுத்தன்" என்றாள்.

இக்கதையின் கீழ் 'செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்டது' என்று போட்டால் வாசகர் என்ன நினைப்பார்? முழுவதும் இயந்திரத்தின் வேலை என்றுதான். 'ஆம், இல்லை' என்ற அடையாளக் குறிப்பின் குறை இதுவே.

2024 ஜனவரியில் ஜப்பானின் அகுத்தாகவா பரிசு ரியே குடானுக்குக் கிடைத்தது. தன் நாவலில் சுமார் 5 வீதம் சாட்ஜிபிடி தந்த வாசகங்கள் என்று அவர் சொன்னதும் சர்ச்சை எழுந்தது. கதைக்குள் கேள்விகளுக்கு ஓர் இயந்திரம் சொல்லும் பதில்களாகவே அவை வருகின்றன என்பது பின்னர் தெளிவானது. எவ்வளவு என்பதைவிட எங்கே, எதற்காக என்பதே முக்கியம்.

அமேசானின் சுயவெளியீட்டுப் பிரிவு 2023 செப்டம்பரில் ஒரு கோடு கிழித்தது. இயந்திரம் உருவாக்கிய எழுத்து, படம், மொழிபெயர்ப்பு என்றால், ஆசிரியர் பிறகு எவ்வளவு திருத்தினாலும் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். தானே எழுதி, செம்மைப்படுத்த மட்டும் உதவி பெற்றிருந்தால் அறிவிக்கத் தேவையில்லை.

கோடு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மாணவியின் கொப்பியை வாங்கிப் பார்த்தபோது என் எண்ணம் மாறியது. கொப்பியில் 'உம்மம்மா பன்பாய் இழைக்கிறா' என்றிருந்தது. செயலி அதை 'பாட்டி பாய் பின்னுகிறார்' என்று 'திருத்தியிருந்தது'. வெறும் உதவி என்று நாம் கணக்கில் எடுக்காத இடத்தில்தான் ஊரின் சொல் பறிபோயிருந்தது.

கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பலாமா? ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கருவியை, துல்லியம் போதாதென்று ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆகவே எழுதியவரின் வாக்குமூலமே மிஞ்சுகிறது. உண்மை சொன்னவர் அவமானப்படும் நிலை இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

தமிழுக்கு இது புதிய சங்கதியுமல்ல. சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவை எட்டு என்கிறது நன்னூல். முதலாவது ஆக்கியோன் பெயர்; இரண்டாவது வழி, அதாவது நூல் எதிலிருந்து வந்தது என்பது. 'தழுவல்', 'மொழிபெயர்ப்பு' என்று நாம் போடுவதும் அதுதானே? அவற்றை யாரும் குற்றப்பத்திரிகையாகப் படிப்பதில்லை.

எனவே குறிப்பு மூன்று கேள்விகளுக்கு விடை தந்தால் போதும்: கரு யாருடையது? வசனங்கள் யாருடையவை? இயந்திரம் எதை மாற்றியது?

இந்த மூன்றாவது கேள்விக்கு விடை எழுதச் சொன்னேன். இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவள், மாறிய சொற்களைத் தானே கண்டுபிடித்து மீட்டாள். மலரில் கதையின் கீழே இப்படி வந்தது: 'கருவும் வசனமும் மாணவியுடையவை. எழுத்துப்பிழைகள் செயலி கொண்டு திருத்தப்பட்டன.'

மேலே, முதல் வரியில், உம்மம்மா பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தா.