கோலா கேக்கை உப்ப வைப்பது எது?

1886-இல் அட்லாண்டாவில் பிறந்த கோகோ கோலாவுக்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இன்னொரு பிழைப்பும் உண்டு. அங்கே அதை ஊற்றி சாக்லேட் கேக் சுடுகிறார்கள். பாட்டிலைத் திறந்ததும் பொங்குகிற பானம், கேக்கையும் பொங்க வைக்கும் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் செய்முறை நேர்மாறாகப் போகிறது. ஒரு கப் கோலாவை வெண்ணெயோடும் கோகோ தூளோடும் சேர்த்து, முதலில் அடுப்பில் கொதிக்க வைக்கச் சொல்கிறது!

கொதித்த கோலாவில் வாயு தங்காது. கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் நன்றாகக் கரையும். சாதாரணக் காற்றழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில், 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 1.7 கிராம் வாயுவைத் தாங்கும். 60 டிகிரியில் 0.6 கிராம்தான். அழுத்தி மூடிய பாட்டிலுக்குள் ஒரு கப் கோலா தன்னைப்போல மூன்றரை மடங்கு பருமனுள்ள வாயுவை அடக்கி வைத்திருந்தது உண்மைதான். அது மாவைப் பார்ப்பதற்கு முன்பே சமையலறைக் காற்றில் கலந்துவிடுகிறது.

சரி, கொதிக்க வைக்காமல் குளிரக் குளிர ஊற்றினால்? அப்போதும் பெரும்பகுதி தப்பிவிடும். வழுவழுப்பான கண்ணாடிக் குவளையில் குமிழி பிறப்பது கடினம். அதற்கு ஒரு கீறலோ துகளோ வேண்டும். இப்படிக் குமிழி உருவாக இடம் தரும் புள்ளியைக் குமிழிக்கரு எனலாம். மைதாவின் ஒவ்வொரு துகளும் அத்தகைய கருதான். ஊற்றியவுடன் நுரை சீறி எழுந்து அடங்குவது அதனால்தான்.

அடுத்த சந்தேகம் கோலாவின் புளிப்பின்மேல் விழும். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அமிலமும் ஆப்பசோடாவும் சேர்ந்தால் வாயு பிறக்கும். கோலாவின் அமிலக் குறியீடு (pH) சுமார் 2.5, அதாவது ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் அளவு. ஆனால் புளிப்பின் கூர்மை வேறு, அமிலத்தின் அளவு வேறு. ஒரு கப் கோலாவில் உள்ள பாஸ்பாரிக் அமிலம், ஒரு தேக்கரண்டி ஆப்பசோடாவில் இருபதில் ஒரு பங்கைக்கூடச் செலவழிக்காது. அதைவிட அதிகமாக உழைப்பது அதே செய்முறையில் சத்தமில்லாமல் அரைக் கப் இடம்பிடித்திருக்கும் புளித்த மோர். மிஞ்சும் ஆப்பசோடாவில் ஒரு பகுதியை அடுப்பின் சூடே சிதைத்து வாயுவாக்கிவிடும். முழுமையாக வினைபுரிந்தால் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா சுமார் 1.4 லிட்டர் வாயு தரும்.

இத்தனை வாயு பிறந்தும், அது மாவுக்குள் புதுக் குமிழிகளை அநேகமாக உண்டாக்குவதே இல்லை! புது பலூனை ஊதும்போது முதல் மூச்சுக்குத்தான் கன்னம் வலிக்கும். சற்றே விரிந்துவிட்டால் பிறகு எளிது. வாயுவுக்கும் அதே நிலைதான். குமிழி சிறிதாக இருக்க இருக்க அதை விரிக்க அதிக அழுத்தம் வேண்டும். ஆகவே வாயு, நாம் அடித்துக் கலக்கும்போது முன்பே மாவில் சிக்கிய காற்றுக் குமிழிகளைத் தேடிப்போய் அவற்றைப் பெருக்குகிறது.

இதற்குச் சாட்சி செவன் அப் கேக். 1929-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து சார்லஸ் லீப்பர் கிரிக் அறிமுகப்படுத்திய பானம் செவன் அப். அதை ஊற்றிச் செய்யும் கேக்கின் பழைய செய்முறைகள் பலவற்றில் ஆப்பசோடாவும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடிப்பதுதான் முக்கிய வேலை. சர்க்கரைப் படிகங்களின் கூரிய விளிம்புகள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே இழுக்கின்றன. மஞ்சள் வெண்ணெய் வெளுப்பதே காற்று ஏறியதன் அடையாளம்.

அடுப்பில் அந்தக் காற்று தானாக விரிவது கால் பங்கு அளவுக்குத்தான். மீதி உந்துதல் நீராவியுடையது. ஒரு மில்லிலிட்டர் நீர் முழுதும் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் இடம் கேட்கும். பானத்திலுள்ள நீரில் ஒரு சிறு பகுதி குமிழிகளுக்குள் ஆவியாகப் புகுந்தாலே போதும், கேக் எழும்பிவிடும்.

எழும்பினால் போதாது, எழும்பிய இடத்தில் நிற்கவும் வேண்டும். வெறும் நீரில் கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டி வீங்கிக் கெட்டியாகத் தொடங்கும். சர்க்கரை நிறைந்த மாவில் அது 80 டிகிரியைத் தாண்டித்தான் நடக்கும். இந்தத் தாமதம்தான் குமிழிகளுக்கு வளர அவகாசம் தருகிறது. பிறகு மாவுச்சத்தும் முட்டைப் புரதமும் சேர்ந்து இறுகி, குமிழிச் சுவர்களை நிலைநிறுத்துகின்றன.

அப்படியானால் சோடா பானத்தின் பங்கு? நீர், இனிப்பு, மணம், கோலாவென்றால் கொஞ்சம் நிறம். கடையில் வாங்கிய கேக் கலவைப் பொட்டலத்தில் 355 மில்லிலிட்டர் கேன் சோடாவை மட்டும் ஊற்றிச் சுடும் குறுக்கு வழிக்கும் இதே விளக்கம்தான். உப்ப வைக்கும் பொருள்கள் பொட்டலத்திலேயே இருக்கின்றன. எனவே குளிர்பெட்டியில் நேற்றே திறந்து வாயு போன கோலா கிடந்தால், கோலா கேக்குக்குத் தயங்காமல் அதையே எடுக்கலாம். அடித்துக் கலக்கும் வேலையில் மட்டும் சிக்கனம் கூடாது.