தொந்தரவு தராத நோயாளி

எலும்பு முறிவு வார்டில் இப்படி ஒரு பெரியவரை அடிக்கடி பார்க்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பார். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலையில் ஆற்றிவைத்த கஞ்சி ஆடை படிந்து டம்ளரிலேயே இருக்கும். பிசியோதெரபிஸ்ட் எழுப்பி நிறுத்தப் பார்த்தால், "நாளைக்குப் பார்த்துக்கலாம் தம்பி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். "தாத்தா தங்கமானவரு, ஒரு தொந்தரவும் இல்லை" என்பார் சிஸ்டர். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

வலிக்கிறது என்று கத்துபவரை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மனச்சோர்வில் ஒடுங்கிக் கிடப்பவர் நல்ல நோயாளி என்று பெயர் வாங்கிவிடுகிறார்.

"இந்த வயசுல அப்படித்தான்"

வயதானவர்களில் பலர் மனசு சரியில்லை என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. வாய் கசக்கிறது, வயிறு மந்தமாக இருக்கிறது, உடம்பெல்லாம் வலி என்பார்கள். "எனக்கு எதுக்குடா இவ்வளவு செலவு?" என்பார்கள். வீட்டார் உடனே வயதின் மேல் பழியைப் போட்டுவிடுவார்கள். மற்ற எதையும்விட இந்தச் சமாதானம்தான் அதிகக் கெடுதல் செய்கிறது. முதுமை வேறு, மனச்சோர்வு வேறு. பின்னது ஒரு நோய். சிகிச்சையில் குணமாகக் கூடியது.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. கை கால் விழுந்த துக்கம் மட்டும் காரணமல்ல. மூளையில் ஏற்பட்ட பாதிப்புக்கும் அதில் பங்குண்டு. மாரடைப்பு, புற்றுநோய், பார்க்கின்சன் நோயாளிகளிடமும் இதை அதிகம் காணலாம். கவனிக்காமல் விட்டால் உடம்பும் தேறாது. சாப்பிடாதவருக்குப் புண் ஆறாது. எழுந்து நடக்காதவருக்குப் படுக்கைப்புண்ணும் நுரையீரல் தொற்றும் வரும்.

பதினைந்து கேள்விகள்

அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் யெசவேஜ் குழுவினர் 1982-இல் மனச்சோர்வைக் கண்டறிய முதியோருக்கென்றே ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அதன் 15 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் 1986-இல் வந்தது. ஆம், இல்லை என்று சொன்னால் போதும். வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா, பிடித்த காரியங்களை விட்டுவிட்டீர்களா, யாருக்கும் பயனில்லை என்று தோன்றுகிறதா என்ற போக்கில் கேள்விகள் இருக்கும். தூக்கம், பசி பற்றிக் கேள்வியே கிடையாது. உடம்பு முடியாமல் படுத்திருப்பவருக்கு அவை எப்படியும் கெட்டிருக்கும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். 5-க்கு மேல் மதிப்பெண் போனால் மனநல மருத்துவர் பார்ப்பது நல்லது. பத்து நிமிடத்துக்குள் முடிகிற வேலை. இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல இதையும் ஏன் வழக்கமாக்கவில்லை என்பது எனக்குப் புரிவதில்லை.

திடீரென்று ஒடுங்கினால்

நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று மந்தமாகிவிட்டால், இடம் தெரியாமல் விழித்தால், மாலையில் குழப்பம் கூடினால், அதை மனச்சோர்வு என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று எதனாலும் வரும் மூளைக் குழப்பமாக அது இருக்கலாம். அப்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தைராய்டு குறைவும் பி12 சத்துக் குறைவும்கூட மனச்சோர்வு போலத் தோன்றலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சில சமயம் காரணம் இன்னும் சின்னது. காது மெஷின் வீட்டு அலமாரியில் இருக்கும். கண்ணாடியும் பல்செட்டும் பைக்குள் கிடக்கும். கேட்காது, தெரியாது, மெல்ல முடியாது. அந்த மனிதர் யாரிடம் என்ன பேசுவார்?

அட்டெண்டரின் கண்

டாக்டர் பார்ப்பது ஐந்து நிமிடம். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கும் மகளோ மருமகனோதான் நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். பேரன் வந்தும் முகம் மலரவில்லை, பேப்பரைத் தொடவில்லை, இப்படியே இரண்டு வாரமாயிற்று என்று ரவுண்ட்ஸில் அவர்கள்தான் சொல்ல வேண்டும். "நான் போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்று பெரியவர் சொன்னால், "அச்சானியமாப் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரையும் பேச்சும்

மனச்சோர்வு மாத்திரை தலைவலி மாத்திரைபோல உடனே கேட்காது. நாலு வாரம் ஆகலாம், வயதானவர்களுக்குக் கூடுதலாகவும் ஆகலாம். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். சில மாத்திரைகளால் சோடியம் குறையும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடும். ஆகவே சாப்பிடும் எல்லா மருந்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் ஆகி முகம் தெளிந்ததும் நாமே மாத்திரையை நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. தேறிய பிறகும் பல மாதம் தொடர வேண்டியிருக்கும். பேச்சு வழிச் சிகிச்சையும் முதியவர்களுக்கு நன்றாகவே பலன் தருகிறது. யாரைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.