கண் நரம்பைக் கருக்கும் நஞ்சு

"அது குடிகாரர்களின் கதை, நம் இல்லங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அன்புச் சகோதர சகோதரிகளே! 2024 ஜூன் மாதம், ரிஷிவந்தியம் அடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தலைநகரில், கருணாபுரத்தில் விற்கப்பட்ட சாராயத்தை அருந்தியோரில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர்களுள் சிலர் பார்வையை இழந்தனர். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்.

மெத்தனால் உட்சென்றவுடனே தன் வேலையைக் காட்டுவதில்லை. கல்லீரல் அதனை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்புக் கடியில் எரிகிறதே, அதே அமிலந்தான். உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தவிடாமல் அது தடுக்கிறது. கண்ணையும் மூளையையும் இணைக்கும் பார்வை நரம்பு இதனைத் தாங்காது. இம்மாற்றத்திற்கு அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகலாம். இரவில் அருந்தியவன் மறுநாள் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்திருப்பான். வீட்டார் பித்தம் என்றெண்ணி மோர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகுதான் கண்முன் பனி மூடியதுபோல் வெண்மை படரும்.

பார்வை நரம்பு அழற்சி வேறு காரணங்களாலும் வரும். வழக்கமான அழற்சியில் பெரும்பாலும் ஒரு கண்ணே மங்கும். விழியை அசைத்தால் வலிக்கும். மெத்தனாலோ இரு கண்களையும் பெரும்பாலும் வலியின்றியே தாக்கும். கடுமையான நிலையில் கண்ணின் பாவை விரிந்து, ஒளி பட்டாலும் சுருங்காது. இரத்தத்தில் அமிலம் மிகுந்திருப்பது சோதனையில் தெரியும். ஆனால் "என்ன அருந்தினார்?" என்ற வினாவிற்கு உண்மையான விடை கிடைத்தால், முடிவுகள் வருமுன்பே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். இங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஹராமைச் செய்தான் என்பது ஜமாஅத்திற்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சம் வாயை அடைத்துவிடுகிறது. பாவத்திற்கு அவன் அல்லாஹ்விடம் பதில் சொல்லிக்கொள்ளட்டும். மருத்துவரிடம் நீங்கள் பதில் சொல்லுங்கள்!

ஃபோமெபிசோல் என்னும் மருந்து மெத்தனால் அமிலமாவதைத் தடுக்கிறது. அது கிடைக்காதபோது எத்தனாலை, அதாவது சாதாரண மதுவில் உள்ள பொருளையே, மருத்துவர்கள் அளந்து செலுத்துவதுண்டு. "இதுவும் ஹராமாயிற்றே" என்று குறுக்கே நிற்க வேண்டாம். உயிர் போகும் நிர்ப்பந்தத்திற்கு மார்க்கம் இடம் தந்தே இருக்கிறது. அதற்காக வீட்டிலேயே மது கொடுத்து நஞ்சை முறிக்க முயல்வது பேராபத்து. சேர்ந்துவிட்ட நஞ்சை டயாலிசிஸ் அகற்றும். கள்ளக்குறிச்சியில் பாதிக்கப்பட்டோர் சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் ஆகிய இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர்.

சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்பிப் பின்னர் மீண்டும் மங்குவதுண்டு. ஆகவே வீடு திரும்பிய பிறகும் சில மாதங்கள் கண் மருத்துவரிடம் காட்டி வருதல் வேண்டும்.

குடியை அறியாத வீடுகளுக்கு ஒன்று. பெயின்ட் தின்னர், பாலிஷ் திரவம் ஆகியவற்றுள் சிலவற்றிலும் மெத்தனால் உண்டு. அவற்றைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டால், அது சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.