பத்துக் கிளிகளும் ஒரு சிறு கிளையும்

அழிந்த உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது நம்மில் பலர் டோடோவில் தொடங்குவோம். மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த, பறக்க இயலாத பெரிய பறவை அது. 1598இல் டச்சுக்காரர்கள் அங்கே வந்திறங்கினார்கள். நூறு ஆண்டுகளுக்குள் டோடோ இல்லாமல் போயிற்று. கதையைக் கேட்கும் மாணவர்களின் முகம் வாடிவிடும். "அப்போ யாராலும் ஒண்ணும் செய்ய முடியலையா சார்?" என்ற கேள்வி ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து வரும்.

அந்தக் கேள்வியோடு பாடத்தை முடித்தால் 'அழிவு' என்ற சொல் மட்டுமே பிள்ளைகளின் மனத்தில் தங்கும். அதனால் சில ஆண்டுகளாக, டோடோவைச் சொன்ன கையோடு அதே நாட்டைச் சேர்ந்த ஒரு கிளியின் கதையையும் ஒரு செடியின் கதையையும் சேர்த்துச் சொல்லி வருகிறேன். இரண்டும் அழிவிலிருந்து மீட்கப்பட்டவை. பொறுமையாகப் பார்ப்பதும், பார்த்ததை எழுதி வைப்பதும், அதைக் கொண்டு அடுத்த வேலையை முடிவு செய்வதும்தான் அவற்றை மீட்டன. இவை நம் வகுப்பறைக்கும் எட்டக்கூடிய திறன்கள்.

நம் பச்சைக்கிளியின் உறவு

மொரீஷியஸ் நம் மாணவர்களுக்கு முற்றிலும் அந்நியமான நாடு அல்ல. தமிழர் பல தலைமுறைகளாக வாழும் நாடு அது. அதன் பணத்தாளில் தமிழ் எழுத்துகளும் உண்டு. அங்கே 'எக்கோ கிளி' என்ற பச்சை நிறக் கிளி வாழ்கிறது. அந்தப் பகுதித் தீவுகளுக்கே உரிய கிளி இனங்கள் பல இருந்தன. இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

பார்ப்பதற்கு இது நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் போலவே இருக்கும். நம் பச்சைக்கிளியும் 19ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டுசெல்லப்பட்டு, இப்போது பெருகி வாழ்கிறது. ஆகவே கணக்கெடுப்பவருக்கு முதல் சோதனை இரண்டையும் பிரித்தறிவதுதான். எக்கோ கிளி சற்றுப் பருத்தது, பச்சை அடர்த்தியானது, வால் குட்டையானது. ஆண் கிளியின் மேல் அலகு சிவப்பு, பெண் கிளியின் மேல் அலகு கறுப்பு. நம் பச்சைக்கிளியிலோ ஆண், பெண் இரண்டுக்குமே மேல் அலகு சிவப்பு. அலகின் நிறத்தைக் கவனிக்காதவரின் கணக்கு முழுவதும் தவறாகிவிடும்.

1980களில் உயிரோடு இருந்த எக்கோ கிளிகள் ஏறத்தாழ பத்து மட்டுமே. காரணங்கள் பல. தீவின் இயற்கைக் காடு பெரும்பாலும் வெட்டப்பட்டுக் கரும்பு வயலாகிவிட்டது. பொந்துள்ள முதிய மரங்கள் குறைந்துவிட்டன. மனிதரோடு கப்பலில் வந்த எலிகளும் குரங்குகளும் முட்டைகளைத் தின்றன. இருந்த சில பொந்துகளுக்கும் போட்டி ஏற்பட்டது.

பொந்தை எட்டிப் பார்த்தவர்கள்

கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளரும் அவருடன் உழைத்த மொரீஷியஸ் மக்களும் பெரிய திட்டங்களைத் தீட்டுவதற்கு முன்பு ஒரு வேலையைச் செய்தார்கள். ஒவ்வொரு கூட்டையும் தேடிக் கண்டுபிடித்து, மரமேறிப் பொந்துக்குள் பார்த்து, அங்கே என்ன நடக்கிறது என்று நாள்தோறும் குறித்துவந்தார்கள்.

'கிளிகள் குறைகின்றன' என்பது பொதுவான செய்தி. அதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. 'இந்தக் கூட்டில் குஞ்சுகளை ஈப்புழு தாக்குகிறது' என்றால் கூட்டைச் சுத்தம் செய்து மருந்திடலாம். 'அந்தக் கூட்டுக்குள் மழைநீர் இறங்குகிறது' என்றால் பொந்தைச் சரிசெய்யலாம். 'இந்த மரத்தில் எலி ஏறுகிறது' என்றால் அதைத் தடுக்கலாம்.

குறிப்புகளிலிருந்து இன்னொன்றும் தெரியவந்தது. இரண்டு மூன்று முட்டைகள் பொரிந்தாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் வளர்ந்து பறந்தது. கடைசியாகப் பொரித்த குஞ்சு இரை கிடைக்காமல் இறந்துபோனது. அப்படி இறக்கவிருந்த குஞ்சுகளை எடுத்துக் கையால் ஊட்டி வளர்த்தார்கள். சிலவற்றைக் குஞ்சுகளை இழந்த வேறு இணைகளின் கூட்டில் வைத்தார்கள். பெட்டிக் கூடுகள் அமைத்தார்கள். காட்டில் கூடுதல் உணவும் வைத்தார்கள். தனித்தனியே அடையாளம் காணக் கால்களில் வளையங்கள் மாட்டினார்கள்.

2000களின் நடுவில் அலகையும் இறகையும் சிதைக்கும் வைரஸ் நோய் பரவியது. வளையமிட்டிருந்ததால்தான் எந்தக் கிளி நோயுற்றது, எது மீண்டது என்று தொடர்ந்து பார்க்க முடிந்தது. ஐ.யூ.சி.என். செம்பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்ற நிலையிலிருந்த எக்கோ கிளி, 2007இல் ஒரு படியும் 2019இல் இன்னொரு படியும் ஆபத்து குறைந்த நிலைக்கு மாற்றப்பட்டது. அப்போது காட்டில் இருந்தவை சுமார் 750.

கிளியை மட்டும் காத்தால் போதாது. அது தின்னும் காயும் கனியும் இலையும் அந்தத் தீவின் சொந்த மரங்களில் இருக்கின்றன. அந்த மரங்களின் கன்றுகளை வளரவிடாமல், வெளியிலிருந்து வந்த ஒரு வகைச் சிறு கொய்யா புதராக மண்டிவிட்டது. அதைக் கையால் பிடுங்கி, பன்றியும் மானும் நுழையாமல் வேலியிட்டு, காட்டுத் துண்டுகளை மீட்டு வருகிறார்கள்.

மாணவன் கொண்டுவந்த கிளை

மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்த சிறிய தீவு ரொட்ரீக்ஸ். அங்கு மட்டுமே வளர்ந்த ஒரு குறுமரத்தை உள்ளூர் மக்கள் 'கஃபே மரோன்', அதாவது காட்டுக் காப்பி என்று அழைத்தார்கள். காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளைப் பூப் பூப்பது. இந்த மரம் அழிந்துவிட்டதாகவே தாவரவியலாளர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

1980ஆம் ஆண்டு வாக்கில் அத்தீவின் ஆசிரியர் ஒருவர், ஊரிலுள்ள அரிய செடிகளைத் தேடிக் கொண்டுவருமாறு தம் மாணவர்களுக்கு வேலை கொடுத்தார். ஒரு மாணவன் ஒரு சிறு கிளையைக் கொண்டுவந்தான். லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து அறிஞர்கள் அது கஃபே மரோன்தான் என்று உறுதிசெய்தார்கள். உலகில் அந்த இனத்தில் அந்த ஒரு மரம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

செய்தி பரவியதும் புதிய ஆபத்து வந்தது. அது மருந்து மரம் என்று நம்பிய மக்கள் கிளைகளை ஒடிக்கத் தொடங்கினார்கள். மரத்தைச் சுற்றி வேலி போட வேண்டியதாயிற்று. 1986இல் சில போத்துகள் கியூவுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டன. அவற்றில் ஒன்று வேர்பிடித்துப் பூக்கவும் செய்தது. ஆனால் பல ஆண்டுகள் விதை மட்டும் உண்டாகவில்லை. அங்குப் பணியாற்றிய கார்லோஸ் மக்தலேனா விடாமல் முயன்றார். சூலகமுடியின் நுனியை வெட்டிவிட்டு மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். 2003இல் விதையுள்ள காய் கிடைத்தது. அதன் வழி வந்த கன்றுகள் பிறகு ரொட்ரீக்ஸுக்கே திரும்பிச் சென்றன.

இன்னொரு வியப்பையும் மாணவர்களிடம் சொல்லலாம். இம்மரத்தின் இளங்கன்றில் இலைகள் நீண்டு, குறுகி, பழுப்பாக இருக்கும். வளர்ந்த மரத்திலோ உருண்டையான பச்சை இலைகள். முன்பு அத்தீவில் மேய்ந்த ராட்சத ஆமைகளின் கண்ணுக்குத் தப்பவே கன்று இப்படி வேறு உருவம் கொண்டது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆமைகள் அழிந்துவிட்டன, இலை இன்னும் மாறவில்லை.

நம் பள்ளியில் செய்யத்தக்கவை

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களோடு நான் செய்துவரும் எளிய பணிகள் இவை.

1. ஒரு மரம், ஓர் ஏடு: ஒவ்வொரு குழுவும் பள்ளி வளாகத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், தளிர், பூ, காய், கனி, வந்த பறவை, பூச்சி ஆகியவற்றைக் குறிக்கும். 'சீசன்வாட்ச்' என்ற இந்திய அளவிலான திட்டத்திலும் பள்ளிகள் இக்குறிப்புகளைப் பதியலாம்.

2. மாலைக் கிளிக் கணக்கு: அடைய வரும் பச்சைக்கிளிகளைக் குறித்த இடத்தில் நின்று 15 நிமிடம் எண்ணுதல். நாள், நேரம், வானிலை, எண்ணியவர் பெயர் ஆகியவை கட்டாயம். ஒன்றும் வராவிட்டால் 'சுழி' என்று எழுத வேண்டும். சுழியும் ஒரு தரவுதான். தைப் பொங்கல் நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் இந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

3. பொந்து மரப் படம்: ஊரிலுள்ள பொந்துள்ள பழைய மரங்களையும் மொட்டைப் பனைகளையும் வரைபடத்தில் குறித்தல். தொலைவில் நின்று பார்க்க வேண்டும். மரமேறுவதும் கூட்டைத் தொடுவதும் கூடாது.

4. தாத்தா பாட்டியிடம் கேட்டல்: முன்பு இருந்து இப்போது காணாத செடிகளின் பெயர், பயன், வளர்ந்த இடம் ஆகியவற்றைத் தொகுத்தல். எங்கேனும் அச்செடி தென்பட்டால் பிடுங்கவோ ஒடிக்கவோ கூடாது. வரைந்தோ படமெடுத்தோ வந்தால் போதும். கிளையை ஒடிப்பதால் வரும் கேட்டுக்குக் கஃபே மரோனே சான்று.

இந்த இடத்தில் ஒரு மாணவராவது, "எங்க வீட்ல கிளி வளர்க்கிறோமே, அது தப்பா?" என்று கேட்பார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி நம் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம் என்பதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். பிள்ளையை வகுப்பின் முன் கூனிக் குறுக வைக்காமல், பெற்றோரிடம் தனியே பேசுவது நல்லது. நீண்டநாள் கூண்டிலிருந்த கிளியைத் திடீரெனப் பறக்கவிட்டால் அது பிழைக்காது. வனத்துறையை அணுகச் சொல்லலாம்.

மாணவர் ஏடுகளில் எழுத்துப்பிழை இருக்கலாம், கோணல் படங்கள் இருக்கலாம். நாளும் எண்ணும் மட்டும் உண்மையாக இருக்கட்டும். முந்தைய ஆண்டின் ஏடுகளைப் புதிய வகுப்பினர் கையில் கொடுங்கள். "போன வருஷம் 43 கிளி, இந்த வருஷம் ஏன் 20?" என்று ஒரு குழந்தை தானாகக் கேட்கும் நாளில், பாதுகாப்பு என்ற சொல்லுக்கு நாம் தனியாகப் பொருள் சொல்ல வேண்டியிராது.