இலக்கத்துக்கும் ஊர்ப்பெயர் வேண்டும்

மென்பொருள் எழுதுபவர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் சிறு குறிப்போடு சேமிப்பார்கள், அதுதான் கொமிட். வழுக்களும் வேண்டுகோள்களும் டிக்கெட்டுகளாக வேறோர் இடத்தில் இலக்கமிடப்பட்டிருக்கும். கொமிட் குறிப்பில் #45 என்று எழுதினால், நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் அதை 45ஆம் டிக்கெட்டோடு தானாகவே இணைத்துவிடும்.

வசதிதான். ஆனால் அது வசனத்தை வாசிப்பதில்லை. "இந்த மாற்றம் #45ஐத் தீர்க்கவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஃபிக்ஸ்' என்ற சொல்லும் #45உம் அடுத்தடுத்து விழுந்தால் போதும். கொமிட் முதன்மைக் கிளையில் சேர்ந்ததும் டிக்கெட் மூடப்பட்டுவிடும். 'இல்லை' என்ற சொல் அதன் காதில் ஏறாது. குறிப்பைத் திருத்தித் திரும்ப அனுப்பினாலும் பழைய இணைப்பு டிக்கெட்டின் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்.

வெறும் இலக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: அது எந்தத் திட்டத்தினுடையது என்று தெரியாது. சரவணை என்ற ஊரில் கந்தையர் என்றால் எந்தக் கந்தையர் என்று கேட்பார்கள். வேலணைக் கந்தையர் என்றால் கேள்வியில்லை. இலங்கை மென்பொருளாளர்கள் பெரும்பங்காற்றிய அப்பாச்சி அக்சிஸ்2 திட்டத்தில் அப்படித்தான். அப்பாச்சியின் டிக்கெட் தளமான ஜிராவில் நூற்றுக்கணக்கான திட்டங்கள் குடியிருப்பதால், ஒவ்வொரு டிக்கெட் இலக்கத்துக்கும் முன்னால் 'அக்சிஸ்2-' போலத் திட்டத்தின் பெயர் நிற்கும்.

பைத்தன் மொழிக்காரர்களும் இதே வழிக்கு வந்தார்கள். 2017 பெப்ரவரியில் நிரல் கிட்ஹப்புக்குப் போனது. டிக்கெட்டுகளோ பழைய தளத்திலேயே இருந்தன. #1234 என்றால் கிட்ஹப் தன்னுடைய 1234ஐத்தான் காட்டும். ஆகவே பழைய டிக்கெட்டுகளுக்கு அந்தத் தளத்தின் பெயர்ச்சுருக்கமான 'பிபிஓ-' என்று முன்னொட்டு வைத்தார்கள். 2022 ஏப்ரலில் டிக்கெட்டுகளும் இடம்பெயர்ந்த பிறகு அது கிட்ஹப்பைக் குறிக்கும் 'ஜிஎச்-' ஆயிற்று. டிக்கெட்டே தேவைப்படாத சின்னத் திருத்தங்களுக்கு 'ஸ்கிப் இஷ்யூ' என்ற அடையாளமும் உண்டு. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது: விதியைக் கட்டாயமாக்கிவிட்டு வெளியேற வழி விடாவிட்டால், ஆட்கள் கைக்கு வந்த இலக்கத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

காவலுக்கு, கொமிட்டுகளைச் சேமிக்கும் 'கிட்' மென்பொருளிலேயே 'கொமிட்-எம்எஸ்ஜி' என்ற கொக்கி இருக்கிறது. குறிப்பை எழுதி முடித்ததும் உங்கள் கணினியிலேயே ஒரு சிறு நிரல் ஓடும். முன்னொட்டில்லாத # இலக்கத்தைக் கண்டால் கொமிட்டை மறுக்கச் சொல்லலாம். அந்த நிரலை எழுதும்போது கவனம்: "பெரிய எழுத்துகள், ஒரு கோடு, ஓர் இலக்கம்" என்று மட்டும் விதி வைத்தால் 'யூடிஎஃப்-8'உம் டிக்கெட்டாகத் தேறிவிடும். உங்கள் திட்டங்களின் பெயர்களையே பட்டியலிட்டு, அவற்றை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள்.